ஒட்டுமீசை மத்தியாஸ்

மலாயாவில், கலும்பாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நடிகர் என்றால் மத்தியாஸ். டைரக்டர் என்றாலும் அவரேதான். பிழைப்புக்குப் பால்வெட்டு. கிறிஸ்துமஸ் நாடகத்தில் ராஜா வேஷம் யாருக்கு என்று முடிவெடுப்பவரும் அவர்தான் என்பதால் பதினொரு வருஷமாக ராஜா மாறவில்லை. இத்தனைக்கும் அவர் முகத்தில் மீசை முளைக்காது. ஆட்டுமயிர் மீசை ஒன்றை ரப்பர் பால் தடவி ஒட்டிக்கொள்வார். அப்போது மட்டும் கண்ணாடி அவரை மதிக்கும்.

1948-இல், காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் வந்தது. ஆளுக்கொரு அடையாளக் கார்டு வேண்டுமென்று படம் பிடிப்பவரைத் தோட்டத்துக்கே அனுப்பினார்கள். மற்றவர்கள் பயந்து விறைத்து நிற்க, மத்தியாஸ் லயத்து வீட்டுக்கு ஓடினார். வாழ்நாளில் முதல்முறையாகக் கேமரா. வெறும் முகத்தோடு நிற்க அவருக்கு என்ன பைத்தியமா? மீசையோடு திரும்பி வந்து, புருவத்தையும் உயர்த்திக்கொண்டு நின்றார்.

கார்டு வந்தது. கூடவே வினையும் வந்தது. சாலைத் தடுப்பில் காவல்காரன் கார்டைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். "மானா மீசாய்?" என்றான். மீசை எங்கே என்று மலாயில் கேட்டால் எந்தத் தமிழனுக்கும் புரியும். அன்று கெஞ்சித் தப்பியவர், அதற்குப் பிறகு மீசை ஒட்டாமல் தோட்டத்தைத் தாண்டவில்லை. கடைக்கும் ராஜா, மாதா கோவிலுக்கும் ராஜா. உதட்டுக்கு மேல் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"எனக்கு ரெண்டு புருஷன்லா. ஒருத்தரு வீட்டுக்கு, ஒருத்தரு ரோட்டுக்கு" என்பாள் மனைவி மாடில்டா.

மூன்று வருஷம் கழித்து அரசாங்கப் படக்காரர்கள் பக்கத்து ஊரான அம்பாங் பெச்சாவுக்கு வந்தார்கள். நல்ல தொழிலாளி சாலைத் தடுப்பில் கார்டை எப்படிக் காட்ட வேண்டும் என்று ஜனங்களுக்குப் புத்தி சொல்லும் படம். அதற்குத் தேர்வானவர், சந்தேகமே வேண்டாம், மத்தியாஸ்தான். சாவதற்குள் ஒருதரம் தன் முகம் திரையில் தெரிய வேண்டும், தோட்டமே அதைப் பார்க்க வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இருந்ததில்லை.

"மீசைய எடுய்யா. ராஜா வேணாம், பால்வெட்டுறவன் போதும்" என்றார் படமெடுத்த அதிகாரி.

சொந்த முகமே போதுமாம்! மத்தியாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இனி உன் தயவு எதற்கு என்று மீசையைப் பிய்த்து ஆற்றில் வீசினார். பிறகு கார்டை நீட்டுமுன் வானத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், நெஞ்சில் கை வைத்தார். போலீஸாக நின்றவர் மிரண்டுபோனார். "நடிக்காதய்யா, சும்மா நீட்டு" என்று அதிகாரி ஏழு தரம் கத்தினார். பொறாமை என்று மத்தியாஸ் புரிந்துகொண்டார். கடைசியாகக் கார்டைக் கிட்டத்தில் வைத்தும் படம் பிடித்தார்கள்.

திரும்பும் வழியில் அசல் தடுப்பு, காவல்காரனும் புதுசு. நாட்டுக்கே பாடம் சொன்ன கை கார்டை நீட்டியது. கார்டில் மீசை, முகத்தில் ஒன்றுமில்லை. அடுத்தவன் கார்டு என்று லாக்கப்பில் தள்ளினார்கள். நாலாம் நாள் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் அமலதாஸ் கிராணி வந்து, நாடகப் பைத்தியத்தைத் தவிர இவர்மேல் வேறு குற்றமில்லை என்று சாட்சி சொல்லி மீட்டார். புதுப் படத்தோடு வேறு கார்டு எடுக்கச் சொல்லி உத்தரவானது.

அடுத்த மாதம் பட வண்டி தோட்டத்துக்கே வந்தது. கஞ்சி போட்ட சட்டையோடு மத்தியாஸ் முன்வரிசையில் உட்கார்ந்தார். திரையில் ஒரு கை வந்து கார்டை நீட்டியது. கார்டு திரை முழுக்க விரிந்தது. அதில் மீசையும் உயர்த்திய புருவமும். அடுத்து ஒரு போலீஸ்காரர் சிரித்தார், படம் முடிந்தது. வானம் பார்த்தது, பெருமூச்சு, நெஞ்சில் வைத்த கை எல்லாவற்றையும் அதிகாரி வெட்டி எறிந்திருந்தார்.

"நம்ம ராஜாடா!" என்று தோட்டமே கைதட்டியது. மத்தியாஸுக்கு அழுகை முட்டியது.

"கை நல்லா நடிச்சிருக்குங்க" என்றாள் மாடில்டா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

திங்கட்கிழமை புதுக் கார்டுக்குப் படமெடுக்கப் புறப்பட்டவர், புதிதாக ஒரு மீசை செய்து, பால் தடவி ஒட்டிக்கொண்டார். மாடில்டா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பட்டும் புத்தி வரலியா உங்களுக்கு?"

"என் மூஞ்சிய யாருக்குடி தெரியும்?" என்றார் மத்தியாஸ். "படத்துல நடிச்சது இதுதானே."