புது அரசருக்குச் சத்தியம் செய்யப் போன யோகம்

காலை ஏழு மணிக்கு ஸ்காபரோவிலிருந்து மிசிசாகாவுக்குப் புறப்பட்டோம். ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். டாக்சிக்கு எண்பது டொலர் பேச்சு. பக்கத்து வீட்டு யோகம் அன்று கனடாக் குடியுரிமைச் சத்தியம் செய்யவேண்டும். நான் துணைக்கு. என் சத்தியம் இங்கிலாந்து மகாராணி காலத்திலேயே முடிந்துவிட்டது. இப்போது மகாராணி இல்லை, மகன் அரசர். பாவம், எழுபது தாண்டித்தான் அவருக்கு வேலை கிடைத்தது.

ஏழரைக்கு நெடுஞ்சாலையில் நெரிசல். யோகம் மெல்ல வாயைத் திறந்தாள்.

“அக்கா, நான் உவருக்குச் சத்தியம் பண்ணமாட்டன். முதல் பெண்சாதியை எவ்வளவு அழவைச்சவர்!”

“அதுக்கு நீ ஏன் கோவிக்கிறாய்? நீ என்ன சம்பந்தியோ?”

அவள் சிரிக்கவில்லை. இலங்கையில் போர் முடிந்த வருடம், காணாமல்போன கணவனின் படத்தோடு முகாம் முகாமாக அலைந்தவள். கடைசியில் மனுசன் உயிரோடுதான் இருந்தார், வேறொருத்தியின் வீட்டில். அரண்மனைக் கதை அவளுக்குச் சொந்தக் கதை. ஆனால் சத்தியம் செய்யாவிட்டால் கனடாப் பாஸ்போட் இல்லை. அது இல்லாவிட்டால் லண்டனிலுள்ள மகனிடம் போகமுடியாது. விசா இரண்டு தரம் மறுத்தாயிற்று. மகனை நேரில் கண்டு பதினொரு வருடம்.

டாக்சி ஓட்டிய மன்னார்த் தம்பி கண்ணாடியில் பார்த்தார்.

“அன்ரி, சும்மா நிண்டு ஏமாத்தேலாது. அதிகாரியள் கிட்ட வந்து வாய் அசையுதோ எண்டு பாப்பினம்.”

“தம்பி, அந்தச் சத்தியத்திலை வேறை என்ன கிடக்கு?” என்று கேட்டேன்.

“அரசருக்கும், அவருக்குப் பிறகு வாற வாரிசுகளுக்கும் விசுவாசமா இருப்பன் எண்டு.”

நான் யோகத்தின் பக்கம் திரும்பினேன். “வாரிசு ஆர்? அந்த முதல் பெண்சாதி பெத்த பிள்ளைதானே? தாயின்ரை சவப்பெட்டிக்குப் பின்னாலை நடந்த பெடியன்.”



ஒன்பது மணி. மண்டபத்தில் எல்லோரும் எழுந்து வலக்கையை உயர்த்தினார்கள். அரசரின் பெயர் வந்தபோது யோகத்தின் குரல் நுளம்பின் ரீங்காரமாக இருந்தது. ஓர் அதிகாரி வந்து அவள் அருகே நின்றார். வாரிசுகள் என்ற இடம் வந்ததும், முன்வரிசையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். அதிகாரி சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.

பதினொரு மணிக்கு வாசலில், மகனுக்கு அனுப்பச் சான்றிதழைப் படம் எடுத்தேன். எங்கள் வழக்கப்படி அவள் பெயரோடு கணவனின் பெயரும் இருந்தது. அதன்மேல் கட்டைவிரலை வைத்திருந்தாள்.

“விரலை எடு, பேர் மறையுது.”

“மறையட்டும். நீங்கள் படத்தை எடுங்கோ.”

எடுத்தேன். மிசிசாகாவை விட்டு வரும்போது யோசித்தேன்: அரசருக்கு ஒருமாதிரி இறங்கி வந்துவிட்டாள். அவளின் மனுசனுக்கோ, நாளைக்கே முடி சூட்டினாலும் கிடையாது.