சிப்பாய்ப் பட்டியலில் இல்லாத அத்தான்

இலங்கை சுதந்திரமடைந்த பிறகு வந்த குடியுரிமைச் சட்டத்தால், தேயிலைத் தோட்டத்து மக்கள் ஒவ்வொருவரும் தாங்கள் இந்த நாட்டவர் என்று விண்ணப்பம் போட்டு நிரூபிக்க வேண்டியதாயிற்று. கொட்டகலைக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பாடசாலையில் நான் ஆசிரியராக இருந்தேன். ஆங்கிலம் எழுதத் தெரிந்தவன் என்பதால், தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களுக்கெல்லாம் போய் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தேன். என் சொந்த அக்காவின் விண்ணப்பம்தான் சிக்கிக்கொண்டது.

விசாரணை ஹட்டனில் நடந்தது. அதிகாரி சிங்களவர். கேள்விகளைத் தமிழில் சொல்ல ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஒங்க வீட்டுக்காரர் எங்க?"

"பட்டாளத்துக்குப் போனாருங்க."

"சண்டை முடிஞ்சு எத்தனை வருசமாச்சு! இப்ப எங்க இருக்காரு?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்தபின் மொழிபெயர்ப்பாளர் எனக்கு விளக்கினார். கணவர் இந்தியாவில் உயிரோடு இருந்தால், இவளுடைய குடும்பம் அங்கேதான் என்று முடிவு செய்துவிடுவார்களாம். இறந்திருந்தால், விதவை என்று தனியாகக் கேட்கலாம். எதுவானாலும் காகிதம் வேண்டும்.

அத்தான் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் இயந்திரம் பார்த்தவர். யுத்தம் தொடங்கிய காலத்தில், தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று திருச்சிப் பக்கம் போனார். திரும்பி வர வழி கிடைக்காமல் அங்கேயே பட்டாளத்தில் சேர்ந்தார். இரண்டு கடிதம் வந்தது. பிறகு கடிதம் எதுவும் இல்லாமல், சீருடையில் எடுத்த ஒரு போட்டோ மட்டும் வந்தது. அதோடு சரி. 'ஊரில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார்' என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அடுத்த அறையில் குடியிருந்த பக்கத்துக் காம்பராக்காரி அதை அக்காவின் காதுபடவே சொன்னாள்.

ஹட்டனிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில், அத்தானைப் பற்றி எழுதி விசாரிக்கலாம் என்றேன். இறங்கி மலை ஏறும்போது அக்கா கேட்டாள்.

"நீ தேடுனா, ஒண்ணு செத்துட்டாருன்னு வரும். இல்லாட்டி இன்னொருத்தியோட இருக்காருன்னு வரும். இதுல எனக்கு எது நல்லதுன்னு சொல்லு பாப்போம்."



ஒரு வாரம் கழித்து அவளே பாடசாலைக்கு வந்தாள். கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, மடியிலிருந்து அந்த இரண்டு கடிதங்களையும் எடுத்து மேசைமேல் போட்டாள்.

"தெரியாம இருக்கிறதும் அலுத்துப்போச்சு தம்பி. எழுது."

கடிதங்களில் ஊர்ப்பெயர் எல்லாம் இராணுவத் தணிக்கையில் மை பூசி அழிக்கப்பட்டிருந்தது. ஆனால் அத்தான் தம் பெயருக்கு முன்னால் தம் பட்டாளத்து எண்ணை எழுதியிருந்தார். அதைக் குறித்து, இந்தியாவில் இராணுவப் பதிவேடுகளை வைத்திருந்த அலுவலகத்துக்கு எழுதினேன். நான்கு மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. 'மேற்படி எண்ணுக்குரியவரின் பெயர் சிப்பாய்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுள்ளது. மேல்விவரம் இல்லை.'

நீக்கப்பட்டது என்றால்? பட்டாளத்தை விட்டு ஓடிப்போயிருப்பார் என்றுதான் எனக்கும் தோன்றியது. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அக்காவிடம், "இன்னும் ஒண்ணும் சரியாத் தெரியலக்கா" என்று மட்டும் சொன்னேன்.

எதற்கும் போட்டோவை அனுப்பிப் பார்க்கலாம் என்று அதை எடுத்துக்கொண்டு கொட்டகலைத் தபால் கந்தோருக்குப் போனேன். தபாலதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். யுத்த காலத்தில் கொழும்பில் இராணுவச் சம்பளக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். உறையில் போடுமுன் போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"மாஸ்ரர், இவர் ஆர்?"

"எங்க அக்கா வீட்டுக்காரர். சிப்பாயாப் போனவர். பட்டியல்ல பேர எடுத்துட்டாங்களாம்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"சிப்பாயின்ரை தோளிலை நட்சத்திரம் இராது, மாஸ்ரர். இஞ்சை பாருங்கோ. இவர் ஜமேதார். அதிகாரி! பேரை எடுத்தது ஓடினதாலை இல்லை, மேலை போனதாலை. அதிகாரியளின்ரை பட்டியல் வேறை. அதிலை தேடச் சொல்லி எழுதுங்கோ."

அத்தனை வருடம் அந்தப் போட்டோ அக்காவின் பெட்டியில் இருந்தது. எடுத்துப் பார்த்த எல்லோரும் 'ஆள் இளைச்சுட்டாரே' என்றுதான் சொன்னோம். தோளைப் பார்க்க எங்களுக்குத் தெரியவில்லை. தபாலதிபர் அங்கேயே உட்காரவைத்து, கடிதத்தை எப்படி எழுத வேண்டும் என்று வாசகம் சொல்லிக்கொடுத்தார்.

இந்த முறை ஏழு மாதமாயிற்று. அக்கா ஒருநாளும் கடிதம் வந்ததா என்று கேட்கவில்லை. ஆனால் மலையிலிருந்து இறங்கும்போது, சுற்றுவழியானாலும் பாடசாலைப் பக்கமாகவே வருவாள். இல்லை என்று நான் தலையை ஆட்டுவேன். போய்விடுவாள்.

கடைசியில் வந்தது ஒரு தடித்த உறை. பிரித்துப் படித்து முடித்தேன். அன்று தலையை ஆட்டாமல் எழுந்து நின்றேன். அக்கா உள்ளே வந்து பிள்ளைகளின் வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதியதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பாலம் கட்டும் பிரிவில் சேர்ந்தது. இயந்திர அறிவு இருந்ததால் சீக்கிரமே உயர்ந்தது. ஜமேதாரானது. பர்மாவில் ஆற்றுப்பாலம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது காய்ச்சல் கண்டு, இராணுவ ஆஸ்பத்திரியில் இறந்தது.

அக்கா அழவில்லை. "அப்பறம்?" என்றாள்.

நெருங்கிய உறவு என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. மனைவி என்று போட்டு, தோட்டத்தின் பெயரும் எழுதியிருந்தது. ஆனால் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. மரணத் தந்தி பதுளைப் பக்கத்தில் வேறொரு தோட்டத்துக்குப் போய், அப்படி யாருமில்லை என்று திரும்பிவிட்டது. அதற்குக் கீழே இன்னொரு குறிப்பு: இலங்கை சென்று மனைவியைப் பார்க்க இரண்டு முறை விடுப்புக் கேட்டார், யுத்த நிலைமையால் வழங்கப்படவில்லை.

"அத இன்னொருக்கா படி."

படித்தேன்.

"ரெண்டு தடவையா கேட்டாரு?"

"ரெண்டு தடவைக்கா."

அப்போதுதான் அழுதாள். நெடுநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னை மறக்கல பாரு" என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகம், கல்யாணமான புதிதில் இருந்ததைப் போல இருந்தது.

கடிதம் வந்து பதினாறாம் நாள் காரியத்துக்கு லயம் முழுதும் வந்தது. பொட்டை அழிக்க யாரோ கை நீட்டினார்கள். "இருக்கட்டும். அது எனக்கும் அவருக்கும் உள்ளது" என்றாள் அக்கா. அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை.

மறு விசாரணையில் அதே அதிகாரிதான் இருந்தார். காகிதத்தை நிதானமாகப் படித்தார். ஜமேதார் என்ற சொல்லில் விரலை வைத்து, மொழிபெயர்ப்பாளரைப் பாராமல் இது இவளுடைய கணவரா என்று என்னிடமே சிங்களத்தில் கேட்டார். நான் ஆம் என்று தலையசைத்தேன். மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த அக்காவுக்கு ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். முதல் விசாரணை முழுக்க அவள் நின்றுகொண்டேதான் பதில் சொன்னாள். அடுத்த வருடம் பிரஜாவுரிமைச் சான்றிதழ் வந்தது. எங்கள் லயத்தில் அது கிடைத்தவர்கள் மிகச் சிலர்தான்.

சில நாள் கழித்து, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் பக்கத்துக் காம்பராக்காரி அக்காவின் கதவடியில் வந்து நின்றாள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய் வருடக்கணக்காயிற்று. நான் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"எங்க அண்ணனும் அப்பத்தான் பட்டாளத்துக்குப் போச்சு" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "நம்பரு கிம்பரு ஒண்ணும் தெரியாது."

அக்கா கதவை முழுதாகத் திறந்தாள்.

"உள்ள வா. ஒங்க அண்ணன் பேரு, அப்பா பேரு, ஊரு, தெரிஞ்சதெல்லாம் சொல்லு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, பேனாவ எடு."