தூளிப் பெட்டியின் பேட்டரிக் கோளாறும் ஓர் ஆரணிப் பயணமும்

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை போய்வந்த பயணம் இது. எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் மன்னித்துவிடுவார்கள். கொழுந்தனார் கல்யாணத்துக்குத் தறியிலேயே சொல்லி நெய்யவைத்த பட்டுப்புடவையை வாங்கிவர ஆரணிக்குப் போனேன். ஏழு மாத மகள் யாழினியோடு, வேலை செய்யாத ஒரு பெட்டியும் கூட வந்தது.

பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு வலது காது கேட்காது. இடது காதில் இருக்கும் மிஷினைக் கழற்றிவிட்டால் அதுவும் இல்லை. கணவருக்கு வாரத்தில் பாதி நாள் நைட் ஷிஃப்ட். அதனால், காலேஜில் படித்த எலக்ட்ரானிக்ஸை நம்பி, தூளி அசைந்தால் என் கைக்கடிகாரம் அதிரும்படி ஒரு சின்ன வைஃபை போர்டைத் தயார் செய்திருந்தேன். சார்ஜரில் செருகினால் ஒழுங்காக ஓடும். பேட்டரியில் போட்டால், குழந்தை விழித்துத் தூளி அசையும் அந்த நொடியிலேயே நின்றுவிடும். சார்ஜர் ஒயரைத் தூளியில் தொங்கவிட எந்தத் தாய்க்கு மனசு வரும்? மூன்று பேட்டரி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் தூளியிலிருந்து ஒரு நாடாவை என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுக்க ஆரம்பித்திருந்தேன். அதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது.

வேலூரில் காலை 7.40க்குப் பஸ். கண்ணமங்கலம் வழியாக ஒன்றேகால் மணி நேரம். டிக்கெட் 35 ரூபாய். 8.55க்கு ஆரணி. அங்கிருந்து ஆட்டோ 60 ரூபாய். குழந்தை இருக்கிறாள், மெதுவாகப் போங்கள் என்று நான் நான்கு முறை சொல்லியிருப்பேன். ஐந்தாவது முறை ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, நடந்தே போயிடலாமா என்று கேட்டார்.

புடவை நெய்தவர் மல்லிகா. என் வயதுதான் இருக்கும். ஒரே கூடத்தில் நான்கு தறிகள். உள்ளே நுழைந்ததும் நான் கண்ட காட்சியை இன்னும் மறக்க முடியவில்லை: ஆயிரக்கணக்கான பட்டிழைகள் மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்க, தறிக்கு மேலே எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டி எந்த இழை எழ வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் தீர்மானிக்கிறது. அதைவிட வியப்பு, தறிகள் போடும் சத்தத்தில் அங்கே யாரும் காதை நம்புவதில்லை. உதட்டசைவு, கைச்சாடை, அவ்வளவுதான். டீ வேண்டுமா என்று மல்லிகா கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து சாடையில் கேட்டதும் உடனே தலையாட்டினேன். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாதே என்று அவர் கணவர் சேகர் ஆச்சரியப்பட்டார்.

உள்ளறையில் ஒரு வெறும் தூளி தொங்கியது. யாழினியை அதில் தூங்கவைத்து, பழக்கத்தில் பெட்டியையும் கட்டி, போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன். சிறிது நேரத்தில் அவள் புரண்டதும், வழக்கம்போலப் பெட்டி நின்றது. பார்த்துக்கொண்டிருந்த மல்லிகா விவரம் கேட்டார். சொன்னேன்.

"சும்மா இருக்கும்போது நிக்காது, சிக்னல் அனுப்பும்போதுதான் நிக்குதா?" என்றார். "எங்க பெட்டியும் இப்டிதாங்க பேஜார் பண்ணிகினு இருந்துச்சி. பார்டர்ல தப்பே வராது. முந்தியில இழை தூக்கற கொக்கிங்க நெறைய ஒண்ணா எழற எடத்துல மட்டும் வரும். கரண்டு பத்தல."

மெக்கானிக் வேலூரிலிருந்து வர வேண்டும் என்பதால் மீட்டரும் சால்டரிங் அயனும் மல்லிகாவே வைத்திருக்கிறார். "தறியை விட்டுட்டு எப்பவும் இதைத்தான் நோண்டிகினு இருப்பா," என்றார் சேகர். "நோண்டலன்னா போன தீபாவளிக்கு உன் தறி ஓடியிருக்குமா?" என்று மல்லிகா கேட்டதும் சேகர் தன் தறிக்குத் திரும்பினார்.

மீட்டர் சட்டென்று வரும் சரிவைக் காட்டாது. அதனால், பஸ்ஸில் நோண்டிப் பார்க்கலாமென்று எடுத்துவந்திருந்த லேப்டாப்பில் ப்ரோக்ராமை மாற்றி, போர்டு விடாமல் அனுப்பும்படி செய்தேன். பேட்டரி முனையில் 3.9 வோல்ட். போர்டு முனையில் 3.1. போர்டுக்கு 3.3 வேண்டும். மிச்சம் எங்கே போனது?

இருவரும் ஒரே நேரத்தில் ஒயரைப் பார்த்தோம். குழந்தை பக்கத்தில் பேட்டரி வெடித்துவிடுமோ என்ற பயத்தில், அதை ஜன்னல் கம்பியில் கட்டி, பழைய இயர்போன் ஒயரால் ஒன்றரை மீட்டர் இழுத்திருந்தேன். மூன்று பேட்டரியை மாற்றிய நான், வோல்டேஜைத் தின்ற அந்த மெல்லிய ஒயரை ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை.

மல்லிகா தடித்த ஒயரைச் சாண் நீளம் வெட்டிப் பற்றவைத்தார். போர்டின் ஓரத்தில், திடீர்த் தேவைக்குக் கரண்டைச் சேர்த்துவைக்கும் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றையும் சேர்த்தோம். பேட்டரியில் பாதுகாப்புச் சுற்று இருந்ததால் துணிந்து அதைப் போர்டோடு ஒரு டப்பாவில் அடைத்து, கைக்கு எட்டாமல் தூளிக் கயிற்றின் உச்சியில் கட்டினோம். பிறகு கூடத்துக்கு வந்து புடவையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 11.20க்கு என் மணிக்கட்டு அதிர்ந்தது. ஓடினேன். யாழினி முகம் சிவக்க அழுதுகொண்டிருந்தாள். நல்ல காது உள்ள அத்தனை பேரும் கூடத்தில் நெய்துகொண்டே இருந்தார்கள்.

பின்னாலேயே வந்த மல்லிகா கயிற்றின் உச்சியில் இருந்த டப்பாவைப் பார்த்தார். "எம் புள்ள அழுதாலும் தறி சத்தத்துல கேக்காதுங்க. அதான் சந்தவாசல்ல அம்மா வூட்டுல உட்டு வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமைதான் பாக்கறது," என்றார். "எனக்கும் ஒண்ணு பண்ணித் தரீங்களா?"

ஆரணிக்குப் போகிறவர்களுக்கு: தறியிலேயே வாங்குவதென்றால் பத்து மணிக்கு முன்பே போய்விடுங்கள், காலை வெளிச்சத்தில்தான் நிறம் சரியாகத் தெரியும். திரும்பும் பஸ் மதியத்தில் காலியாக இருக்கும். பேட்டரித் தகராறு உள்ளவர்களுக்கு: சும்மா இருக்கும்போது அளக்காதீர்கள், வேலை செய்யவைத்து, இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள். இந்தப் பெட்டி கூடுதல் கண் மட்டும்தான். நான் இன்னமும் எழுந்து எழுந்து பார்க்கிறேன்.

இரண்டாவது பெட்டியைக் குட்டை ஒயரோடு செய்து போன வாரம் அனுப்பினேன். நேற்று மல்லிகாவிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. உள்ளறைத் தூளியிலிருந்து ஒரு குட்டிக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நேற்று செவ்வாய்க்கிழமை.