ஆற்றங்கரைப் பாடம்

எழுத்தும் எண்ணும் பிடிபடாத பிள்ளைகளைச் சோதித்து, அவர்களுக்கு இருப்பது டிஸ்லெக்சியாவா, டிஸ்கால்குலியாவா என்று கண்டறிந்து சொல்வது என் தொழில். பூச்சோங்கில் உள்ள என் அறைக்கு வரும் பிள்ளை தனக்குப் பழகிய பாடத்தைத் தடையின்றி வாசித்தால், பாராட்டிவிட்டு, அது பார்த்தேயிராத ஒரு பக்கத்தை முன்னே வைப்பேன். அந்தச் சோதனையை நான் முதலில் கண்டது எந்தக் கல்லூரியிலும் அல்ல. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்சில், எங்கள் வீட்டு முன்னறையில், தாய்மாமா அதை விளையாட்டாகச் செய்துகாட்டினார்.

அது எழுபதுகளில் ஒரு விஜயதசமி. சரஸ்வதி பூஜைக்காக விளக்கின் முன் அடுக்கிய புத்தகங்களை மறுநாள் காலையில் எடுத்து, பெரியவர்கள் முன்னிலையில் ஒரு பாடம் வாசிப்பது எங்கள் வீட்டு வழக்கம். அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். மாலைதோறும் அவளுடைய பாடத்தை நான்தான் உரக்க வாசிப்பேன். அவள் எனக்குத் தலை பின்னிவிட்டபடி கேட்டுக்கொண்டிருப்பாள். என் குரல் அவளுக்குப் பிடிக்கும் என்று பெருமைப்பட்டிருந்தேன்.

அன்று அவள் எடுத்தது ஆற்றங்கரையைப் பற்றிய பாடம். விரலை வரிகளின் கீழே நகர்த்தி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அழகாக வாசித்தாள். சமையலறை வாசலில் நின்ற அம்மாவை நிமிர்ந்து பார்த்து அவள் சிரித்த நேரத்தில், அருகிலிருந்த மாமா சத்தமில்லாமல் சில தாள்களைப் புரட்டிவிட்டார். அவள் திணறுவாள், எல்லோரும் சிரிப்போம் என்பதற்கு மேல் அவர் மனத்தில் எதுவும் இல்லை. அக்கா திணறவில்லை. புதிய பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். புத்தகம் தபால் நிலையத்துக்குப் போய்விட்டிருந்தது; அக்கா இன்னும் ஆற்றங்கரையிலேயே நின்று கொக்குகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வேற பக்கம்லா இது," என்றார் மாமா. "போஸ்ட் ஆபீஸ்ல கொக்கு எப்படிம்மா வந்துச்சு?"

நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. புத்தகத்தை வாங்கி, ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி வாசிக்கச் சொன்னார். பிறகு இன்னொன்றை. அதுவரை நான் கேட்டிராத ஒரு குரலில் அக்கா சொன்னாள்: "எழுத்து ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதுப்பா."

"எழுத்துக்குக் காலா முளைச்சிருக்கு?" என்றார் அப்பா.

அக்கா சொன்ன அந்த வார்த்தைகளையே இன்று பிள்ளைகள் மூன்று மொழிகளில் என்னிடம் சொல்கிறார்கள். அவளிடமிருந்து அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள அன்று ஒருவரும் இல்லை. ஒரு புத்தகம் முழுவதையும் காதால் வாங்கி நெஞ்சில் வைத்திருந்தவளை, சோம்பேறி என்றும் ஏமாற்றுக்காரி என்றும் முன்னறை ஒருமனதாக முடிவு செய்தது.

தன் விளையாட்டு இப்படித் திரும்பியதில் மாமா கலங்கிப்போனார். சமாதானம் செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்: "படிப்பு ஏறலன்னா விடுங்க மச்சான். கிள்ளான்ல வீட்டுக்காரி கைக்குழந்தைய வச்சிக்கிட்டு ஒத்தையா கஷ்டப்படறா. புள்ள கொஞ்ச நாள் எங்ககூட வந்து இருக்கட்டும்."

அப்பா மறுக்கவில்லை. அம்மா சமையலறைக்குள் போனார். எனக்கு அது ஒரு விடுமுறைப் பயணமாகத் தெரிந்தது. என்னை அழைக்கவில்லையே என்று பொறாமைகூடப் பட்டேன்.

புறப்படுவதற்கு முந்தைய மாலை, அக்கா புத்தகத்தை என் மடியில் வைத்தாள். "அடுத்த பாடத்தப் படிச்சுக் காட்டு. திரும்பி வந்ததும் டீச்சர் கேப்பாங்க."

வாசித்தேன். முடிந்ததும் மறுபடி கேட்டாள். அம்மா தையல் இயந்திரத்தில் அக்காவின் பள்ளிச் சீருடையான நீலப் பினஃபோரைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். அழுது அழுது அக்கா இளைத்துவிட்டாள், அதனால் அளவைக் குறைக்கிறார் என்று நினைத்தேன். அந்தச் சத்தத்தில் அவளுக்கு ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதென்று குரலை உயர்த்தினேன்.

மறுவாரம் அம்மா அந்தப் பினஃபோரை என் தலைவழியே மாட்டி, தோளைச் சரிசெய்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அளவாக இருந்தது. அக்கா வந்ததும் அவளுக்குப் புதிதாக ஒன்று தைப்பார்கள் என்று எண்ணியபடி, அதன் பையில் கையை விட்டுக்கொண்டு பள்ளிக்கு நடந்தேன்.