ரெங்கிட் சாலையில் ஒரு குளிர்ந்த லோரி

போன வாரம் என் மகள் கிளாரா புதுக் கார் எடுத்தாள். என்னை ஏற்றிக்கொண்டு மூவாரைச் சுற்றிக் காட்டப் போகிறாளாம், நான் என்னவோ இந்த ஊருக்கு நேற்று வந்தவளைப் போல. கதவைத் திறந்ததும் பண்டான் இலை வாசம் முகத்தில் அடித்தது. இருக்கைக்குப் பின்னால் ஒரு கட்டுப் பண்டான் இலை வைத்திருந்தாள். "கரப்பான் வராதும்மா, வாசமாவும் இருக்கும்" என்றாள். கண்ணாடிகளை ஏற்றி ஏர்கோனைத் தட்டிவிட்டாள். மெல்ல என் பக்கக் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினேன்.

"ம்மா, ஏர்கோன் போட்டிருக்கேன் லா. ஏத்துங்க."

"இருக்கட்டும்."

"குளிர்ச்சியெல்லாம் வெளிய போவுது."

"போவட்டும்டி."

அவள் என் பைத்தியத்துக்குப் பழகியவள். காரணமும் அவளுக்குத் தெரியும், ஆனால் பாதிதான். சிரிக்கிற பாதியை மட்டும்தான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் முழுவதையும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நான் பெக்கோக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி மூவாருக்கு வந்தவள். என் வீட்டுக்காரர் அந்தோணி ஒரு பழைய லோரி வைத்திருந்தார். மூவாரில் செய்யும் கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேசையெல்லாம் ஏற்றி ஜொகூர் பாருவில் உள்ள கடைகளில் இறக்குவது, திரும்பி வரும்போது பெக்கான் நானாஸில் அன்னாசி ஏற்றி மூவார் சந்தைக்குக் கொண்டுவருவது, இதுதான் தொழில். வாடகை வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்க்கப் பிடிக்காமல் நானும் லோரியில் ஏறிக்கொண்டேன். கெலிண்டான் வேலை, அதாவது லோரிக்கு எடுபிடி. கயிறு கட்டுவது, தார்ப்பாய் இழுப்பது, சாமான் இறக்கும்போது மூலை இடிக்காமல் பார்ப்பது. பொம்பளை கெலிண்டானைப் பார்க்கக் கடைக்காரர்கள் வெளியே வந்து நிற்பார்கள். நான் போடும் முடிச்சை அவிழ்க்க முடியாமல் திணறும்போதுதான் சிரிப்பை நிறுத்துவார்கள்.

அந்த லோரியின் வெக்கை இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. எஞ்சின் எங்கள் இருக்கைக்கு நேர் கீழே. மேலே வெயில், கீழே அடுப்பு. முன்பலகையில் ஏர்கோன் திருகு ஒன்று இருந்தது. நாங்கள் வாங்குவதற்கு முன்பே செத்துப்போன ஏர்கோன். ஆனாலும் நான் தினமும் ஒரு தடவை அதைத் திருகிப் பார்ப்பேன். கோயிலில் மணி அடிக்கிற மாதிரி ஒரு நம்பிக்கை. மற்றபடி இரண்டு கண்ணாடிகளும் எப்போதும் இறங்கியேதான் இருக்கும். அதில் ஒன்று பாதிக்கு மேல் ஏறவும் ஏறாது.

வயிற்றில் பிள்ளை தங்கிய பிறகு அந்தோணி என்னை வீட்டில் இருக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு, "சரி புள்ள, அப்ப ஏர்கோன மாட்டிருவோம்" என்றார். என் வாழ்க்கையில் எனக்கு யாரும் அப்படி ஒரு பரிசு தந்ததில்லை. நகைக்கு ஆசைப்படும் பெண்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் அந்த லோரியில் உட்கார்ந்ததில்லை.

ஏர்கோன் வேலை செய்தவர் பட்டறைக்கார ஆ கியோங். தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். பெக்கோக்கில் தோட்டத்து மளிகைக் கடைக்குப் பின்னால் வளர்ந்த சீனர். தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். பழைய ஏர்கோனைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்தக் காலத்து ஏர்கோன் கேஸு இதுக்குச் சேராது அந்தோணி. கம்ப்ரெசர் மாத்தணும், உள்ளார காயில் பெரிசா போடணும், முன்னுக்கு ஒரு காத்தாடி வைக்கணும். பைப்பும் தடியா வரும். தரையில புதுசா ஓட்டை போட்டுத்தான் இழுக்கணும்."

"போடுங்க தவுக்கே. அவளுக்குக் குளிரணும், அவ்வளவுதான்."

பழைய கார்களிலிருந்து கழற்றிய சாமான்களில் தேடி ஒரு நல்ல கம்ப்ரெசர் எடுத்துப் பொருத்தினார். ஏறாத கண்ணாடியையும் சரிசெய்தார். முதல் நாள் பத்து பகாட் ஊரைத் தாண்டுவதற்குள் எனக்குக் குளிரெடுத்து, அந்தோணியின் சட்டையை மேலே போர்த்திக்கொண்டேன். லோரிக்குள் நாங்கள் இருவரும் சாதாரணக் குரலில் பேசியது அன்றுதான். ஏதோ பெரிய வீட்டு வரவேற்பறைக்குள் வந்துவிட்ட மாதிரி எனக்குக் கூச்சமாகக்கூட இருந்தது. மறுநாள் பக்கத்து வீட்டு வேலியிலிருந்து பண்டான் இலை பறித்துக் கட்டி, காற்று வரும் துளைக்கு முன்னால் தொங்கவிட்டேன். டீசல் நாற்றம் போய் உள்ளே பாயசம் காய்ச்சுகிற மாதிரி மணந்தது.

தலைவலி அந்த வாரமே தொடங்கியது. வாந்தியும் மயக்கமும். மசக்கை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் பெருமையாகவே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தோணிக்கும் தலை வலித்தது. "என்ன புள்ள, எனக்கும் மசக்கை ஒட்டிக்கிச்சா?" என்று கேட்டார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கிளாராவுக்குத் தெரிந்த பாதி இதுதான். விருந்தாளிகள் வந்தால் இதைச் சொல்லச் சொல்வாள். வீட்டுக்குப் போனதும் எங்கள் இருவருக்கும் வலி விட்டுவிடும் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. அலுப்புத் தீர்ந்ததால் விட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

அப்படி ஒரு நாள் பெக்கான் நானாஸில் அன்னாசி ஏற்றிக்கொண்டு கடலோரச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். வருடக் கடைசி மழை. பெனுட் தாண்டியதும் வானம் மொத்தமாக இறங்கிவிட்டது. ரெங்கிட் வருவதற்கு முன்னால் மரம் ஒன்று சாலையில் விழுந்துகிடந்தது. முன்னால் பத்துப் பதினைந்து வண்டிகள், பின்னால் அதற்கு மேல். அந்தோணி கைப்பிரேக்கைப் போட்டார். எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏர்கோன் நின்றுவிடும், முன்கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். கண்ணாடியை இறக்கினால் மழை. உள்ளே கதகதப்பும் இல்லை, குளிரும் இல்லை, சுகமாக இருந்தது. பின்னாலிருந்து அன்னாசி வாசமும் முன்னாலிருந்து பண்டான் வாசமும் கலந்து வந்தன.

அந்தோணி ஏதோ பாட்டை முணுமுணுத்தார். நான் கண்ணை மூடினேன். பாட்டு நடுவில் நின்றது. தூங்குகிறார் போல என்று நினைத்தேன். வண்டி நிற்கும்போது ஓட்டுநர் தூங்கக்கூடாது, எழுப்பவேண்டும் என்றும் நினைத்தேன். நினைத்தேனே தவிர, என் கை மடியைவிட்டு எழவில்லை. இதை எப்படிச் சொல்வது? கை மரத்துப்போகவில்லை. என் கைதான், பார்க்கிறேன், ஆனால் வேறு யாருடையதோ போல மடியில் கிடக்கிறது. கூப்பிட வாயைத் திறந்தேன். நாக்கு புரளவில்லை. அப்போதுதான் பயம் வந்தது. அது உடம்பு முழுக்க ஓடும் பயமில்லை. உடம்பே இல்லாத இடத்தில் தனியாக நிற்கும் பயம். அதற்குள்ளேயே ஒரு குரல், தூங்கு, சுகமாகத்தானே இருக்கிறது என்றது. அந்தக் குரலுக்குத்தான் நான் இன்றும் பயப்படுகிறேன். மிரட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அது தாலாட்டியது.

வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. அந்தோணி அருமையாக வைத்திருக்கும் இருக்கையில் வாந்தி எடுத்துவிடக்கூடாதே என்ற ஒரே எண்ணம். உயிர் போகிற நேரத்தில் எனக்கு இருக்கை உறைமேல் கவலை, பாருங்கள். கதவுப்பிடியின் மேல் உடம்பைச் சாய்த்தேன். அது திறந்தது. அப்படியே மழையில் விழுந்தேன்.

சாலையோரத்துச் சேற்றில் கிடந்து வாந்தி எடுத்தேன். காற்று உள்ளே போகப்போகத் தலை கொஞ்சம் தெளிந்தது. திரும்பிப் பார்த்தால் அந்தோணியின் நெற்றி ஸ்டீயரிங்மேல் கிடக்கிறது. வாய் திறந்திருக்கிறது. எழுந்தேன், கால் மடங்கியது. கத்தினேன், மழையில் எனக்கே கேட்கவில்லை.

பக்கத்தில் ஒரு பீசாங் கோரேங் கடை இருந்தது. வாழைப்பழம் பொரித்து விற்கும் சின்னத் தகரக் கொட்டகை. தவழ்ந்தேனா நடந்தேனா தெரியாது, அங்கே போய் அந்த மலாய்க்கார அம்மாவின் பாத்திக் கைலியைப் பிடித்தேன். என்ன சொன்னேன் என்றும் தெரியாது. தமிழில்தான் சொல்லியிருப்பேன். அவள் கரண்டியை எண்ணெயிலேயே போட்டுவிட்டு ஓடினாள். மழைக்கு ஒதுங்கியிருந்த இரண்டு பேர் அவள் பின்னால் ஓடினார்கள். "எஞ்சின் மத்தி! மத்திக்கான் எஞ்சின்!" என்று எஞ்சினை நிறுத்தச் சொல்லி அவள் மலாயில் கத்தியது கேட்டது. ஒருவர் ஏறி எஞ்சினை நிறுத்தினார். அந்தோணியை மூட்டைபோல இறக்கிக் கொட்டகைக்குள் பாயில் கிடத்தினார்கள். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. கறுத்த மனிதர், அவருக்கு அப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததே இல்லை. செத்தவர்கள் வெளுத்துப்போவார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன், இது என்ன என்று புரியாமல் அவர் கன்னத்தை அறைந்துகொண்டே இருந்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

எவ்வளவு நேரமோ. அவர் இருமினார். அந்த இருமலைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் மூக்கில் காற்றுக் குழாய் மாட்டினார்கள். தமிழ் டாக்டர், என் வயதுதான் இருக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா, கண்ணாடி மூடியிருந்ததா என்று கேட்டாள். எக்சோஸ் புகை உள்ளே வந்திருக்கிறது, அதில் இருக்கும் விஷ வாயுவுக்கு வாசமே கிடையாது, அவர் முகம் சிவந்ததும் அதனால்தான் என்றாள். நான் வயிற்றுப் பிள்ளையைப் பற்றிக் கேட்டேன்.

"துடிப்பு இருக்குக்கா. இப்போதைக்கு அதுதான் சொல்ல முடியும்."

"இப்போதைக்குன்னா?"

"பொறந்தப்புறம்தான் தெரியும்."

நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் ஆ கியோங் லோரியின் அடியில் ஒரு கொசுவத்தியைக் கொளுத்தி எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடிகளை ஏற்றி ஏர்கோனைப் போட்டுவிட்டு, வெளியே நின்று மூவரும் பார்த்தோம். நான் கால் வைக்கும் இடத்தில், புதிய பைப் போகும் ஓட்டையின் ஓரத்திலிருந்து வெள்ளை நூல் ஒன்று நெளிந்து எழுந்தது. ஓட்டையை அடைத்திருந்த பஞ்சு எஞ்சின் சூட்டில் சுருங்கி விழுந்திருந்தது. எக்சோஸ் இணைப்பிலோ பழைய விரிசல். பல வருடமாகவே கசிந்திருக்கவேண்டும், இறக்கிவிட்ட கண்ணாடிகள்தான் எங்களை அதுவரை காப்பாற்றியிருக்கின்றன. நான் தினமும் திட்டித் தீர்த்த அந்த வெக்கைக் காற்று! ஆ கியோங் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் உங்க ரெண்டு பேரையும் கொன்னுருப்பேன்" என்றார். அந்தோணி அவர் தோளில் கை வைத்தார். ஆ கியோங் விரிசலை ஒட்டவைத்து, ஓட்டைக்கு ரப்பர் வளையம் இறுக்கி, அதே கொசுவத்தியை மூன்று தடவை கொளுத்திக் காட்டினார். அதன் பிறகும் நான் கண்ணாடியை முழுக்க ஏற்றியதில்லை.

மிச்ச மாதங்களை எப்படிக் கடந்தேன் என்று கேட்காதீர்கள். வயிற்றில் பிள்ளை அசைந்தால் பயம், ஏன் இப்படி உதைக்கிறது என்று. அசையாவிட்டால் அதைவிடப் பயம். அந்தோணி வேலைக்குப் போகும்போது வயிற்றைப் பார்க்காமல் போவார். பிறந்த அன்று தாதி குழந்தையைத் தூக்கிக் காட்டியபோது, ஆணா பெண்ணா என்று நான் பார்க்கவில்லை. நிறத்தைப் பார்த்தேன்.

அதோடு போயிற்றா? பின்னால் நின்று சட்டி மூடியைத் தட்டி, திரும்புகிறாளா என்று பார்ப்பேன். பேச்சு வரக் கொஞ்சம் தாமதமானதற்கு வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கில் கோட்டைவிட்டபோதெல்லாம், எல்லாம் அந்தப் புகைதான் என்று அழுவேன். "நானும் கணக்குல முட்டைதான் புள்ள. எனக்கு எந்தப் புகை?" என்பார் அந்தோணி.

அந்தக் கடைக்கார அம்மாவை நாங்கள் காக் யா என்று கூப்பிட்டோம். யா அக்கா. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நிறுத்துவோம். கிளாராவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டே ஒரு கையால் பழம் பொரிப்பாள். எண்ணெய் தெறிக்குமே என்று நான் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன், தரமாட்டாள். பிறகு நெடுஞ்சாலை வந்தது. கடலோரச் சாலையில் எங்களுக்குச் சவாரி குறைந்தது. லோரியையும் இரும்புக்குப் போட்டோம். ஆ கியோங் காலமாகி, அவர் பட்டறை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் நானும் அந்தோணியும் காக் யாவைத் தேடிப்போனோம். சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள். நடுவில் தடுப்பு, ஓரத்தில் வரிசையாக விளக்குக் கம்பங்கள். அந்தோணி காரை நிறுத்தி இறங்கி, "இங்கதான் புள்ள" என்றார். நான் இல்லை, அந்த வளைவுக்கு அப்பால் என்றேன். இருவரும் விளக்குக் கம்பங்களுக்கு நடுவே முன்னும் பின்னும் நடந்தோம். எண்ணெய் நிலையத்தில் ஒரு பெரியவரிடம் விசாரித்தோம்.

"காக் யாவா?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார் அவர். "எந்தக் காக் யா? ரொஹயாவா, ஜமாலியாவா, சஃபியாவா? இந்தக் கிராமத்துல வீட்டுக்கு ஒரு காக் யா."

அவள் முழுப்பெயரை நாங்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.