சுகந்தி இழுக்காத கயிறு

பெரம்பலூரில் ஒரு கடையில் ஆலைக்கு வேண்டிய கேபிள் வாங்கிக்கொண்டிருந்தேன். சுகந்தியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. தவிட்டை ஞாபகப்படுத்தத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, எடுத்ததுமே, "மறக்கல, வாங்கிட்டுதான் வருவேன்" என்றேன். அந்தப் பக்கம் ஓர் ஆணின் குரல்.

"சார், இந்த போன் வச்சிருந்தவங்க உங்களுக்கு யாருங்க?"

வச்சிருந்தவங்க என்று சொன்னார். மேலே கேட்க எதுவும் இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தாண்டியதும், சுகந்தியின் ஸ்கூட்டர் மேல், தப்பான பக்கத்தில் ஏறி வந்த லாரி. அரியலூர் ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவருடைய செருப்பை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். அதை வைக்க வண்டியின் பின்கதவைத் திறந்தால் உள்ளே தவிட்டு மூட்டை இருந்தது. எப்போது வாங்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

என் மனைவி சுகந்தி கால்நடை ஆய்வாளர். தா.பழூர் பக்கத்து ஊர்களில் அவர் கை படாத மாடு குறைவு. கூட வேலை பார்த்தவர்கள், பதினாறாம் நாள் நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். வீட்டில் அவரை வா, போ என்றுதான் பேசினேன். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். அந்த மரியாதையை இருந்தபோதே கொடுத்திருக்கலாம்.

அவருடைய தடுப்பூசி முகாம்களைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் குதிரையைப் பற்றி எழுதுகிறேன். ஊரில் இப்போது அதைப் பற்றிப் பேசும் பேச்சு சரியில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், மீன்சுருட்டியில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர் ஒருவர், தன் பெண்குதிரையின் பின்தொடையில் பட்டாசுக் காயம் என்று சுகந்தியைக் கூப்பிட்டார். அந்தக் காயத்துக்குப் பிறகு அது யாரையும் கிட்டே விடவில்லை. மூக்கு தரையில் படும் அளவுக்குக் குட்டையாகக் கட்டிப் போட்டிருந்தார்கள். மருந்து போட்டுவிட்டுத் திரும்பியவரிடம், "புடிச்சா ஓட்டிக்கிட்டுப் போயிடுங்கம்மா, காசு வேணாம். முதுவுல பாடைச் சுழி இருக்கு. சொல்லாம குடுத்தா பாவம்" என்றாராம்.

முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் முடி சுழித்திருந்தால் அது பாடைச் சுழி. அந்த மிருகம் நிற்கும் வீட்டில் பாடை கட்டுவார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சுகந்தி வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "என்னங்க, அதுக்கு முதுவுல சுழி. எனக்கு உச்சந்தலையிலயே ரெண்டு இருக்கு. கூட்டிக்கிட்டு வந்துடவா?"

ஜெயங்கொண்டத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், முந்திரித் தோப்பை ஒட்டி ஒரு மனை கிடந்தது. வேலி போட்டு அதில் விட்டோம். சாம்பல் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. பொரி என்று பெயர் வைத்தார்.

ஏறி ஓட்டத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு நாளும் ஏறவில்லை. முதல் இருபது நாள் மனையின் நடுவே குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முகாம் பதிவேடு எழுதினார். ஒருநாள் பின்னாலிருந்து வந்து பொரி அவருடைய கொண்டையை முகர்ந்தது. அவர் திரும்பவில்லை. பேனா மட்டும் நின்றதை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

பிறகு விளையாட்டு. ஒரு பெரிய நீலப் பந்து, தரையில் விரித்த தார்ப்பாய், காலி டிரம் இரண்டு. பந்தை அவர் உருட்ட, பொரி மூக்கால் திருப்பித் தள்ளும். முதலில் வெல்லம் கொடுத்துப் பழக்கினார். அது தப்பு. கை வெறுமையாக இருந்த அன்று முன்கையைக் கடித்துவிட்டது. ஊசி போட்டுக்கொண்டு வந்தவர், "லஞ்சம் குடுத்தேன்ல, அதான் அதிகாரம் பண்ணுது" என்று சிரித்தார். அன்றோடு வெல்லம் நின்றது.

பக்கத்து மனைக்காரர் வேலியோரம் நின்று கேட்பார்: "என்னம்மா, குதிரைக்கு எல்கேஜி அட்மிஷன் போட்டாச்சா?"

"போட்டாச்சுண்ணே. இன்னும் ஒரு சீட் இருக்கு, வரீங்களா?"

நான் ஆலையில் கருவிகளைப் பராமரிக்கும் இன்ஜினியர். தார்ப்பாயைப் பார்த்து எத்தனை நொடியில் குதிரை பின்வாங்குகிறது என்று நோட்டில் குறித்துக் கொடுத்தேன். ஒருநாள் கயிற்றை என் கையிலும் கொடுத்தார். மெல்ல இழுத்தேன். பொரி ஓரடி வந்தது. இன்னும் இழுத்தேன்.

"இன்ஜினியர் சார், அதான் வந்துடுச்சுல்ல? அது ஒரு அடி வெச்சா நீங்க கேக்குறத நிறுத்திடணும். இல்லன்னா வந்து என்ன புண்ணியம்னு நெனைக்காதா? கயிறு தொங்கணும்ங்க. இழுத்துப் புடிச்சா சண்டை."

தார்ப்பாய் மேல் கால் வைக்க அதற்கு நாற்பது நாள் ஆனது. போன மாசியில் தெருவில் யாரோ சரவெடி வைத்தபோது பொரி ஓடவில்லை. நடுங்கிக்கொண்டே வந்து சுகந்தியின் தோளில் தாடையை வைத்தது. அன்று மாலை அவர் என்னோடு எதுவும் பேசவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

சுடுகாட்டில் பால் தெளித்த அன்று என் பெரியப்பா முற்றத்தில் உட்கார்ந்து சொன்னார்: "அன்னிக்கே சொன்னேன், கேட்டியா? பாடைச் சுழிடா. பேரப் பாரு, பொரியாம். பொணத்துக்கு முன்னாடி எறைக்கிறத வூட்டுல வளத்தீங்க. மொதல்ல அத வெளிய அனுப்பு."

லாரி தப்பான பக்கத்தில் வந்தது எனக்குத் தெரியும். குதிரை அப்போது பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்றதும் தெரியும். "சரிங்க பெரியப்பா" என்றேன். நாலு வருடம் படித்த படிப்பு அந்த இடத்தில் ஒரு சொல்லுக்கும் உதவவில்லை. யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. குதிரை கிட்டே இருந்தது.

மினி லாரி வந்தது. நானே கயிற்றைப் பிடித்தேன். என்னைத் தெரியும் என்பதால் பொரி வண்டிவரை வந்தது. பலகையைப் பார்த்ததும் நின்றது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தேன். ஓரடி வைத்தது. நான் நிறுத்தவில்லை. முன்னங்கால்களைத் தூக்கியது. கயிற்றின் நுனியால் அதன் முகத்தில் அடித்தேன். கண்ணுக்குக் கீழே பட்டது. கயிற்றை அறுத்துக்கொண்டு மனையின் கோடிக்கு ஓடிவிட்டது.

டிரைவர் தலையில் கட்டியிருந்த துண்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது ஏறாதுங்க சார்" என்று போய்விட்டார்.

இரண்டு வருடம் சுகந்தி சேர்த்ததை நான் ஒரு நிமிடத்தில் அழித்தேன். இறந்த பிறகும் அவரிடமிருந்து பறிக்க ஏதோ மிச்சம் இருந்திருக்கிறது. அதை லாரி செய்யவில்லை.

நல்லவர்களை ஆண்டவன் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வான் என்று துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்னார்கள். யாரும் கூப்பிடவில்லை. அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

பதினாறு முடிந்ததும் வேறு வண்டி கொண்டுவருவதாகப் பெரியப்பா சொல்லியிருக்கிறார். இந்த மலர் அவர் கைக்கும் வரும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்: வண்டி வேண்டாம் பெரியப்பா. பொரி எங்கேயும் போகாது. அதற்கு மேல் பேசுவதென்றால் அந்த லாரியைப் பற்றிப் பேசுவோம்.

தினமும் சாயங்காலம் மனையின் நடுவே முதுகைக் காட்டி உட்காருகிறேன். கயிறு என் மடியில் தளர்ந்து கிடக்கிறது. பொரி வருவதில்லை. ஆறு மணிக்குத் தெருவில் ஏதாவது ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் கோடியிலிருந்து வாசல் பக்கம் நடந்து வருகிறது. என்னைச் சுற்றிக்கொண்டு, தொலைவாகவே வருகிறது. வேலிக்கு மேல் தலையை நீட்டி, இரண்டு காதையும் முன்னால் வைத்து நிற்கிறது. ஸ்கூட்டர் கடந்து போய்விடுகிறது. அது நிற்கிறது. நானும் அந்தப் பக்கம்தான் பார்க்கிறேன்.

பொரியின் தவிடு இன்றோடு தீர்ந்தது சுகந்தி. நாளைக்கு வாங்கிவிடுகிறேன். நீ போ.