கிள்ளிப் போட்ட மொட்டுகள்

முதலில் வந்தது ரத்தம் அல்ல, சோர்வு. மாவாட்டும்போது பாதியில் கை நின்றுவிடும். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கும். வேலைக்குப் பயந்து படுத்துவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற வீம்பில் மூன்று மாதம் அதை மறைத்தேன். ஒரு காலையில் பல் தேய்க்கும்போது இருமி, சிவப்பாகத் துப்பினேன். வெற்றிலை போடும் பழக்கம் எனக்குக் கிடையாது.

அப்போது நாங்கள் திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். கணவர் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுப்பவர். மகள் பகவதிக்கு ஆறு வயது.

டாக்டர் மலையாளி. கோழையைச் சோதித்து, மார்பில் குழல் வைத்துக் கேட்டு, க்ஷயம் (நுரையீரலை அரிக்கும் நோய்) என்றார். மருந்தென்று சொல்ல அந்த நாளில் அதிகம் இல்லை. பால், முட்டை, திறந்த ஜன்னல், பூரண ஓய்வு (மலஜலத்துக்குத் தவிர எழுந்திராமல் கிடப்பது). முட்டை எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததே அப்போதுதான். கணவர் அதை அடுக்களையில் வைக்காமல் கொல்லைப்புறத்தில் தனி அடுப்பில் அவித்தார்.

"குட்டியை இங்ஙன வைக்கப் பாடில்ல. கொச்சுப் பிள்ளையில்லே, வேகம் பிடிக்கும், கேட்டோ," என்றார் டாக்டர், பகவதியைக் காட்டி.

மறுநாளே நாகர்கோவிலிலிருந்து என் அக்கா வந்து பகவதியை அழைத்துப் போனாள். புறப்படும்போது குழந்தை என்னிடம் ஓடி வந்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். இருமல் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அதன் பிறகு எனக்கு ஒரே கேள்விதான். பிள்ளை எப்போது திரும்பி வருவாள்? டாக்டர் வரும்போதெல்லாம் அதையே கேட்டு அவர் உயிரை வாங்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் கல்லாற்றுப் பக்கத்திலிருந்து துணி வாங்க வந்த ஒருவர், மழையில் சாய்ந்த மரத்திலிருந்து பிடுங்கியதென்று ஒரு மரவாழையை (மரத்தில் தொற்றி வளரும் செடி) கணவரிடம் கொடுத்தார். மஞ்சளாகப் பூக்குமாம், பொன்னாம்பூ என்பார்களாம். கணவர் அதைத் தொட்டியில் மண்ணும் சாணமும் போட்டு நட்டு, இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினார். கவனிப்பில் அவரைக் குறை சொல்ல முடியாது. இலை பழுத்தது.

டாக்டர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அவர் வீட்டுத் தென்னையிலேயே அது இருந்ததாம். "மண்ணிலயா வச்சது? இது மரத்தில பிடிச்சுக் கிடக்கிற சாதனமாக்கும். வேருக்குக் காற்று வேணும். இல்லெங்கில் அழுகிப் போகும்."

உங்களில் யாராவது வளர்ப்பதானால் சொல்கிறேன், மிகச் சுலபம். துளைகள் உள்ள சட்டியில் கரித்துண்டும் தேங்காய்த் தொண்டும் (நார் மட்டை) போட்டு, வேரைக் கயிற்றால் தளரக் கட்டினால் போதும். காலை வெயில் பட வேண்டும். விடிந்ததும் ஒரு கை தண்ணீர் தெளிக்க வேண்டும். படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஏற்ற செடி, நம்மிடம் அதிகம் கேட்காது. கணவர் சட்டியை என் தலைமாட்டு ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார். கை நீட்டினால் எட்டும்.

சில மாதங்களில் தண்டு ஒன்று நேராகக் கிளம்பி, நுனியில் மொட்டு வைத்தது. அன்றைக்கும் நான் கேட்டேன், பிள்ளை எப்போது வருவாள் என்று.

"இந்தத் தண்டில பூ தீருந்நது வரைக்கும் கட்டில்ல கிடக்கணும். பூ தீர்ந்நால் நானே வந்து எழும்ப வைக்கும். குட்டிக்கும் வரலாம்," என்றார் டாக்டர்.

எனக்கு ஒரே சந்தோஷம். பிச்சியும் மல்லிகையும் கண்டு வளர்ந்தவள் நான். பூ என்றால் காலையில் வாடிவிடும். இந்தத் தண்டுக்குப் பத்து நாளே அதிகம் என்று கணக்குப் போட்டேன்.

இரண்டு பூ விரியும். அவை வாடுவதற்குள் நுனியில் இன்னும் இரண்டு மொட்டு வந்திருக்கும். ஒரு மாதம் போனது. இரண்டு மாதம் போனது. தண்டு நீண்டுகொண்டே இருந்தது. நாலைந்து மாதம் அது ஓயாது என்று டாக்டருக்குத் தெரியும், தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். பார்க்க வந்தவர்கள் எல்லாம் என்ன அழகு என்றார்கள். எனக்கோ அந்த மஞ்சளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் மாதம் டாக்டர் ஊருக்குப் போயிருந்தார், இரண்டு வாரம் கழித்துத்தான் வருவார். கணவர் கடைக்குப் போனதும் நான் கை நீட்டி, மிச்சமிருந்த மொட்டுகளை நுனியோடு கிள்ளினேன். விரிந்திருந்த இரண்டு பூக்களையும் பிய்த்து ஜன்னலுக்கு வெளியே போட்டேன்.

"பூ தீர்ந்துட்டு," என்றேன் சாயங்காலம்.

கணவர் மொட்டைத் தண்டைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "அப்பம் டாக்டர் சொன்ன கெடு முடிஞ்சுல்லா! பிள்ளைய வரச் சொல்லி எழுதிருதேன்," என்றார்.

பகவதி வருகிற அன்று நானே எழுந்தேன். காய்ச்சல் விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. அவளுக்குப் பிடித்த கொழுக்கட்டைக்குத் தேங்காய் துருவ வேண்டும், மாவு பிசைய வேண்டும். கிணற்றில் நாலாவது வாளி இறைக்கும்போது நெஞ்சுக்குள் சூடாக ஏதோ அவிழ்ந்தது. அடுக்களைக்கு வந்து சேர்ந்தேன். அந்த நேரத்தில்தான் அக்கா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். பகவதி "அம்மா" என்று கூப்பிட்டாள். நான் வாய் திறந்தேன். ரத்தம்தான் வந்தது.

அவளை அப்படியே திருப்பி அழைத்துப் போய்விட்டார்கள்.

மொத்தம் மூன்று வருஷம் கிடந்தேன். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபருவம் பக்கத்தில் இன்னொரு தண்டு விட்டது. குணமானபோது வலது நுரையீரல் பாதி சுருங்கியிருந்தது. இன்றும் நாலு படி ஏறினால் நிற்பேன். ஒரு வாக்கியத்தை எங்கே முடிப்பது என்று மூச்சுதான் தீர்மானிக்கிறது. பகவதி திரும்பி வந்தாள். மரியாதையாக இருந்தாள், அருகில் உட்கார மாட்டாள். அக்காவிடம் ஒட்டிக்கொண்டு விட்டாள் என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன். மொட்டுக் கதையை யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் பகவதியைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர அவள் புருஷன் வீட்டுக்குப் போனேன். பெரியம்மா வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்றாள். எந்தத் தாயால் தாங்க முடியும்? தண்டனை என்றே எடுத்துக்கொண்டு, அன்று எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் வைத்த கெடுவையும், நான் கிள்ளியதையும், கிணற்றையும்.

பகவதி உட்கார்ந்த இடத்திலிருந்து நகராமலே சொன்னாள்.

"நான் வாசல்ல வந்து நின்ன ஒடனேல்லா ஒனக்கு ரெத்தம் வந்தது? என்னைக் கண்டதுனாலதான் வந்துதுன்னு நெனச்சேன். இப்பமும் ஒன் பக்கத்துல வரதுக்குப் பயமாட்டுதான் இருக்கு, அம்மா."

நோய்ப்படுக்கையில் இருப்பவர்களே, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் பேசிவிடுங்கள். நான் கிடந்தது மூன்று வருஷம். அவள் அந்தப் பயத்தில் கிடந்தது பதினைந்து வருஷம். எனக்குக் குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கும் அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.